கனடா ஸ்பவுஸ் விசா: கும்பகோணத்தில் ஒரு ஏஜெண்டிடம் நாங்கள் ஏமாந்தது

கல்யாணமாகி வெளிநாட்டுக்குக் கிளம்ப வேண்டிய பெண்ணோ பையனோ உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் போர்டைப் பார்த்து ஏஜெண்டிடம் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். "கனடாவில் தாமதம்" என்று ஒருவர் எங்களிடம் பதினைந்து மாதம் சொன்னார். நாங்களும் நம்பினோம். அதில் பத்து மாதம் என் விண்ணப்பம் யாருடைய மேசையிலும் இல்லை.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். 2023 தை மாதம் எனக்குக் கல்யாணம். கணவர் டொரன்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை, வாங்கியவர். ஐந்து வார லீவில் வந்திருந்தார். அதற்குள் கல்யாணம், மறுவீடு, குலதெய்வம் கோயில், சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணப் பதிவு எல்லாம் முடிந்தது. அவர் திரும்பிப் போனதும் மார்ச்சில், நான் அவரிடம் போய்ச் சேர விண்ணப்பம் போட, அப்பாவும் நானும் கும்பகோணத்தில் அந்த ஏஜெண்டின் அலுவலகத்துக்குப் போனோம். சொந்தக்காரர் ஒருவர் தன் மகனை சிங்கப்பூர் வேலைக்கு அனுப்பிய இடம் என்பதால் நம்பிக்கை.

அங்கே இருந்தவர் நன்றாகப் பேசினார். அப்பாவை "ஐயா" என்றும் என்னைத் "தங்கச்சி" என்றும்தான் கூப்பிடுவார். "எல்லாம் நாங்க பாத்துக்குறோம் ஐயா, பாப்பாவ ஃபிளைட் ஏத்துறது எங்க பொறுப்பு" என்றார். மொத்தம் 2,40,000 ரூபாய் கேட்டார். அதில் 80,000 அரசுக் கட்டணமாம். உண்மையில் அப்போது கனடா அரசுக்குக் கட்ட வேண்டியது 1,080 டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு (கைரேகை, புகைப்படப் பதிவு) 85 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய எழுபதாயிரம். இதை அந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். நாங்கள் அன்றைக்கு அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை டெல்டாக்காரர்களுக்கு நினைவிருக்கும். அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்துவிட்டது. மிஞ்சிய நெல்லும் ஈரம் என்று கொள்முதல் நிலையத்து வாசலில் கிடந்தது. அம்மாவின் வளையலையும் என் ஆரத்தையும் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துத்தான் அப்பா பணம் கொண்டுவந்தார். 1,90,000 ரொக்கமாகவும் 50,000 ஜிபேயிலும் கொடுத்தோம். ரசீது கொடுத்தது வெறும் 10,000 ரூபாய்க்கு, "டாக்குமெண்டேஷன் சார்ஜ்" என்று. என் பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார். புதிதாக ஒரு ஜிமெயில் முகவரி தொடங்கி, அதை வைத்துக் கணவர் பெயரில் கணக்கு திறந்ததாகச் சொன்னார். கடவுச்சொல் கேட்டதற்கு, "நீங்க உள்ள போய் எதையாவது மாத்திட்டா சிக்கலாயிடும் தங்கச்சி" என்றார். அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் கூப்பிட்டு, "ஃபைல் போட்டாச்சு" என்று கம்ப்யூட்டரில் ஒரு திரையைக் காட்டினார். அதன் பிறகு எப்போது கேட்டாலும் தாமதம். அவர் சொன்ன ஒவ்வொரு காரணமும் செய்தித்தாளில் வந்த உண்மைச் செய்தி. அதனால்தான் எங்களால் சந்தேகப்பட முடியவில்லை. 2023 ஏப்ரல் 19 அன்று கனடாவில் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், குடியேற்றத் துறை ஊழியர்களும் அதில் இருந்தார்கள். அது மே மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. எங்களுக்கோ ஆகஸ்ட் வரை "ஸ்ட்ரைக்ல ஃபைல் தேங்கிக் கெடக்கு" என்றுதான் பதில் வந்தது. செப்டம்பரில் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் பிரச்சினை வெடித்தது. அக்டோபரில் கனடா தன் தூதரக அதிகாரிகள் 41 பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இங்கே இருந்த குடியேற்றத் துறை அதிகாரிகள் 27 பேர் 5 பேராகக் குறைந்தார்கள். "டிவி பாக்கலயா தங்கச்சி? ரெண்டு நாடும் சண்ட போடுது, நான் என்ன பண்றது?" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் இந்தியாவிலிருந்து போகும் விண்ணப்பங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியே வேறு அலுவலகங்களில்தான் பரிசீலிக்கப்படுகிறது என்றும், விண்ணப்ப மையங்கள் வழக்கம்போல் இயங்கும் என்றும் அந்தத் துறை அப்போதே அறிவித்திருந்தது. அதைத் தேடிப் படிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் குறைந்து எங்கள் குறுவையும் காய்ந்தது. சங்கத்து வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. நவம்பரில் அவரே போன் செய்து, "ஜனவரில விசா வந்துரும், ஸ்கூல்ல சொல்லி வச்சிடு" என்றார். நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் திடீரென்று விட்டுவிட்டுப் போவது தவறு என்று டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினேன். ஜனவரி போனது, பிப்ரவரி போனது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்போ கெளம்புற?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் தவறில்லை. ஆனால் நான் கடைக்குப் போவதையே நிறுத்தினேன். மாமியாருக்கு மார்ச்சில் உடம்பு முடியாமல் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, "உங்கள ஒண்ணா பாக்காமலே போயிடுவேனா?" என்று அத்தை அழுதார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

கணவர் சும்மா இருக்கவில்லை. விண்ணப்ப எண் கேட்டு எத்தனையோ முறை வாட்ஸ்அப்பில் எழுதினார். ஒருமுறை மங்கலான ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் இருந்த எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை என்றது. "இன்னும் லிங்க் ஆகல" என்றார் ஏஜெண்ட். கணவருடன் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். கனடாவில் குடிமக்களும் பி.ஆர். உள்ளவர்களும் அரசிடம் இருக்கும் தங்கள் கோப்பின் விவரத்தை 5 டாலர் கட்டிக் கேட்டு வாங்கலாமாம். 2024 மே மாதம் கேட்டார், ஜூன் கடைசியில் பதில் வந்தது. எங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று 2023 ஆகஸ்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. காவல்துறைச் சான்று இல்லை. உறவு விவரம் கேட்கும் ஐ.எம்.எம். 5532 படிவத்தில் பல பக்கங்கள் காலி. திருப்பி அனுப்பிய கடிதம் ஏஜெண்ட் தொடங்கிய அந்த ஜிமெயிலுக்குப் போயிருக்கிறது. அவர் அதைத் திறந்து பார்த்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. விடுபட்டதைச் சேர்த்து அந்த வாரமே திரும்ப அனுப்பியிருக்கலாம். திருப்பப்பட்ட விண்ணப்பத்துக்கு வரிசையில் இடம் கிடையாது, மறுபடி அனுப்பும் நாளிலிருந்துதான் கணக்கு. வாழ்க்கைத்துணை விண்ணப்பத்துக்கு அந்தத் துறை வைத்திருக்கும் இலக்கே 12 மாதம். அப்படியென்றால் நாங்கள் இழந்தது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரிந்ததும் அப்பாவும் நானும் நேரில் போனோம். அவர் இல்லை, வெளியூர் என்றார்கள். அங்கே வேலை பார்த்த பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து என் ஃபைலின் பிரிண்டை எடுத்து, "அக்கா, இத எடுத்துட்டுப் போயிடுங்க" என்று மெல்லச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது.

நானும் கணவரும் 2019இலிருந்து பழகியதாகவும், கொடைக்கானலுக்குச் சேர்ந்து போனதாகவும் அதில் எழுதியிருந்தது. நாங்கள் முதன்முதலில் முகம் பார்த்தது 2022 ஐப்பசியில், வீடியோ காலில், எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருக்க. ஜாதகம் பார்த்து, பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். அதைச் சொன்னால் அதிகாரி நம்பமாட்டார் என்று தானாகவே ஒரு காதல் கதை எழுதியிருக்கிறார். கனடாவின் குடியேற்றச் சட்டம் 40ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை. ஏஜெண்ட் எழுதியது, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, பெயரும் கையெழுத்தும் நம்முடையவை. அந்தக் காலிப் பக்கங்களால் விண்ணப்பம் திரும்பி வராமல் உள்ளே போயிருந்தால் என் கதி என்ன என்று இரவெல்லாம் யோசித்தேன்.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. கனடாவுக்கான குடியேற்ற விண்ணப்பத்தைக் கூலி வாங்கிக்கொண்டு செய்து கொடுக்க எல்லோருக்கும் உரிமை இல்லை. அந்த நாட்டில் குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பில் உரிமம் பெற்றவர், அங்குள்ள வழக்கறிஞர், கியூபெக் மாகாண நோட்டரி, இவர்கள்தான் செய்யலாம். அப்படிச் செய்கிறவர் தன் பெயரை ஐ.எம்.எம். 5476 படிவத்தில் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். உரிமம் பெற்றவர்கள் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எங்கள் ஆள் அதில் இல்லை. அதனால்தான் நாங்களே நிரப்பியதுபோல் காட்ட ஒரு ஜிமெயிலைத் தொடங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் ஏஜெண்ட் "டொரன்டோவில் எங்களுக்கு டைஅப் இருக்கு" என்று சொன்னால், டொரன்டோவில் இருப்பவரின் பெயரையும் உரிம எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் பாக்கி 20,000 தர வேண்டும் என்றார் எங்கள் ஏஜெண்ட். எந்தப் பாக்கியும் கிடையாது. காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம், மனு பதிவானதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதை இன்னொருவர் பிடித்து வைக்கக் கூடாது. எஸ்.ஐ. ஒரே ஒரு போன் செய்தார், சாயங்காலத்துக்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பணம் வரவில்லை. அரசுக் கட்டணத்தை உண்மையிலேயே கட்டினாரா, கட்டியிருந்தால் திரும்பி வந்ததா என்று இதுவரை சொல்லவில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதனால் திருவாரூரில் போட்டோம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. விஷயம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். எங்கள் கையில் உருப்படியாக இருந்த சாட்சியம் அந்த ஜிபே 50,000மும் வாட்ஸ்அப் செய்திகளும்தான். ரொக்கமாகக் கொடுத்ததை நிரூபிக்கத் திண்டாடுகிறோம். வழக்கு நடப்பதால்தான் பெயரை இங்கே எழுதவில்லை.

2024 செப்டம்பரில் நாங்களே மறுபடி விண்ணப்பித்தோம். கட்டணம் அதற்குள் 1,205 டாலராகிவிட்டது, கணவர் தன் கார்டிலேயே கட்டினார். ஏஜெண்ட் எவ்வளவோ பெரிய வேலை போல் பேசிய போலீஸ் சான்றுக்கு நான் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி, தஞ்சாவூர் மையத்தில் ஒரு காலை நேரம் வாங்கினேன். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்துப் போனார்கள், இரண்டு வாரத்தில் சான்று கிடைத்தது. கஷ்டப்படுத்தியது பெயர்தான். மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, திருமணச் சான்றில் வேறு எழுத்து. நோட்டரியிடம் இரண்டு முறை அலைந்தேன். உறவு விவரப் படிவம் யார் அறிமுகப்படுத்தினார்கள், எங்கே முதலில் பார்த்தீர்கள், சடங்கில் யார் யார் இருந்தார்கள் என்றெல்லாம் கேட்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு அந்தக் கேள்விகளில் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. தரகர் யார், ஜாதகம் எப்போது மாறியது, நிச்சயதார்த்தம் எந்த மண்டபம், எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதினோம். பயோமெட்ரிக்ஸுக்கு உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மருத்துவப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. கணக்கின் கடவுச்சொல் என்னிடமும் கணவரிடமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் நானே உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

இந்த வட்டாரத்தில் எந்த ஏஜெண்டிடமாவது உங்கள் பாஸ்போர்ட் இப்போது இருந்தால், நாளைக்கே நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும், அவர்கள் அனுப்பியதாகச் சொல்லும் எல்லாப் பக்கங்களின் பிரதியையும் கேளுங்கள். பிரதி வந்தால் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். கும்பகோணம் என்றால் நானே கூட வருகிறேன்.