பேத்திக்கு முதல் கேமரா: கேனான் ஆர்50-ஆ, நிக்கான் இசட் எஃப்சி-யா?

எஸ்பிஎம் (மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வு) முடியட்டும், நல்ல கேமரா ஒன்று வாங்கித் தருகிறேன் என்று பேத்தியிடம் ஒரு நாள் வாய் விட்டுவிட்டேன். பரீட்சை முடிந்த மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோதே, "தாத்தா, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டாள். என் மகளுக்கு இதில் உடன்பாடே இல்லை. "ஹேண்ட்போன்லயே நல்லாத்தானே எடுக்குறா, எதுக்குப்பா இந்தச் செலவு?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, பகல் வெளிச்சத்தில் ஆளை நிறுத்தி எடுக்கும் படத்துக்கு இன்றைய போன் தாராளம்.

ஆனால் போன தைப்பூசத்தில் ரதம் வரும் வழியில் பேத்தி எடுத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். தேங்காய் உடைக்கிற இடத்தில் மட்டும் நாற்பது, ஐம்பது படம். ஒன்றில்கூடத் தேங்காய் இல்லை, தார் ரோட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். விடிந்தும் விடியாத நேரம், வெளிச்சம் போதாததால் போன் தன் இஷ்டத்துக்கு ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை) மெதுவாக்கிக்கொண்டது. "வேகத்த நான் முடிவு பண்ண முடியல தாத்தா" என்றாள். இதற்குப் பிறகு மகளிடம் வாதாட எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

கையில் இருந்தது 4,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அதற்குள் கேமரா, அதோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ், மெமரி கார்டு, இரண்டாவதாக ஒரு லென்ஸ், எல்லாவற்றையும் போட்டு வைக்க ஈரம் தாக்காத பெட்டி. இரண்டாவது லென்ஸைப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் தள்ளிவிட்டவை. சோனி இசட்வி-ஈ10 விலைக்கு நல்ல சாமான்தான், ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. பினாங்கில் மதியம் பன்னிரண்டு மணிக்கு சௌராஸ்தா மார்க்கெட் வாசலில் நின்று ஒரு திரையைப் பார்த்துப் படம் எடுத்துப் பாருங்கள், உங்கள் முகம்தான் அதில் தெரியும். வீடியோ எடுக்கிற பிள்ளையாக இருந்தால் என் பதில் வேறு. சோனி ஏ6400-இல் வியூஃபைண்டர் உண்டு, லென்ஸ்களுக்கும் பஞ்சமில்லை, கண்ணைப் பிடித்துப் பின்தொடரும் ஃபோகஸும் கெட்டி. ஆனால் 2019-இல் வந்தது, மெனுவுக்குள் நுழைந்தால் ஆளைத் தேட வேண்டியிருக்கும். புஜிஃபில்ம் எக்ஸ்-டி30 இரண்டாம் பதிப்பு பேத்தியின் தோழிகள் எல்லோரும் சொன்னது; பழைய ஃபிலிம்களின் நிறத்தில் படம் தரும் 18 முறைகள் அதில் உண்டு. கேமராவும் இரண்டாவது லென்ஸும் சேர்ந்தால் என் பணத்துக்குள் அடங்கவில்லை, அதனால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கலாமே என்று என் நண்பர் ஒருவர் விடாமல் சொன்னார். அவர் சொன்னது நிக்கான் டி5600. 2016-இல் வந்தது, 24 மெகாபிக்சல், ஒரு சார்ஜுக்கு 970 படம் என்பது நிக்கானே கொடுத்திருக்கும் கணக்கு. நான் பார்த்த மற்றவை போல அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் முந்நூறு, நானூறில் மூச்சு வாங்கும்போது இது பெரிய விஷயம். ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்திருக்கிறார்கள். பழையது வாங்கப் போனால் அதில் ஒரு படம் எடுத்து, கோப்போடு பதிவாகும் தகவலில் ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள், நிக்கானில் அது தெரியும். பணம் குறைவாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுத்திருப்பேன். தயங்கியதற்குக் காரணம் இரண்டு. நிக்கானும் சரி, கேனானும் சரி, 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் அறிவிக்கவில்லை, பதினேழு வயதுப் பிள்ளையை முடிந்துபோன பாதையில் ஏற்றிவிட மனம் வரவில்லை. அப்புறம், மிரர்லெஸ்ஸின் வியூஃபைண்டரில் டயலைத் திருப்பத் திருப்பப் படம் இருட்டாவதும் வெளுப்பதும் எடுக்கும் முன்பே தெரிகிறது. இந்த வசதி எங்கள் காலத்தில் இருந்திருந்தால் நான் வீணடித்த ஃபிலிம் ரோல்களில் பாதி மிஞ்சியிருக்கும்.

ஆக மிஞ்சியது இரண்டு, கேனான் ஆர்50-உம் நிக்கான் இசட் எஃப்சி-யும். இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும், கடைக்குப் போகும் முன்பே நான் மனதுக்குள் இசட் எஃப்சி-யை வாங்கிவிட்டேன்.

காரணம் என் எஃப்எம்2. 1982-இல் நிக்கான் கொண்டு வந்த ஃபிலிம் கேமரா, நான் 1986-இல் வாங்கினேன், மூன்று மாதச் சம்பளம் போனது. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி, அது செத்தாலும் ஷட்டர் வேலை செய்யும். பட்டர்வொர்த்தில் குமாஸ்தா வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று அந்த ஒரே கேமராவோடு ஃபெர்ரியில் போய் வந்தேன். 2021-இல் வந்த இசட் எஃப்சி அச்சு அசலாக அதே முகம். மேலே ஷட்டர் டயல், ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) டயல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல், எண்கள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஷட்டர் டயலின் கடைசி எண் 4000, அதாவது நாலாயிரத்தில் ஒரு வினாடி, எஃப்எம்2-விலும் அதேதான்.

வெறும் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. கேமராவை ஆன் செய்யாமலே ஷட்டர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று மேலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம், கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது. ஆனால் அபர்ச்சருக்கு (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளைக்கு) டயல் இல்லை. கிட் லென்ஸில் அபர்ச்சர் வளையமும் இல்லை. ஒரு சக்கரத்தைத் திருப்ப வேண்டும், கேமராவின் மேலே சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல், அதில் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் தெரியும், எண் சின்னதானால் துளை பெரிது. என் வயதில் அதைப் படிக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. முழு ஆட்டோவில் போட்டுவிட்டால் ஷட்டர் டயலும் ஐஎஸ்ஓ டயலும் சும்மா அலங்காரம்.

என் கையில் இன்னொரு துருப்புச்சீட்டும் இருந்தது. எஃப்எம்2-வோடு வாங்கிய 50 மிமீ லென்ஸ் அலமாரியில் இருக்கிறது. எஃப்டிஇசட் என்ற அடாப்டரை வாங்கிப் போட்டால் இசட் எஃப்சி-யில் மாட்டலாம், ஃபோகஸ் மட்டும் கையால் செய்ய வேண்டும். (டி5600-இல் அதே லென்ஸ் மாட்டும், ஆனால் மீட்டர் வேலை செய்யாது.) தாத்தாவின் லென்ஸில் பேத்தி படம் எடுக்கிறாள் என்று மனதில் ஓடிய காட்சி எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சரி என்று அதை எடுத்து இரண்டு மூடியையும் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். உள்ளே, இரண்டாவது கண்ணாடியோ மூன்றாவதோ, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் நூலாக, மழைக்காலத்துச் சிலந்திவலை மாதிரி ஃபங்கஸ். பதினைந்து வருடம் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைத்ததற்குப் பினாங்குக் காற்று கொடுத்த கூலி. தோல் உறைதான் இருப்பதிலேயே மோசமான இடம், ஈரத்தை அதுவே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதோடு துருப்புச்சீட்டு கிழிந்தது.

இப்போது கேனான் ஆர்50. 2023-இல் வந்தது, பார்க்க ஒரு விசேஷமும் இல்லை, கறுப்புப் பிளாஸ்டிக். பேட்டரி, கார்டோடு சேர்த்து 375 கிராம். இசட் எஃப்சி அதே கணக்கில் 445 கிராம், எழுபது கிராம் ஒரு வித்தியாசமா என்றால் காலையிலிருந்து கழுத்தில் தொங்கவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி 513-ஐயும் ஏறிப் பாருங்கள். கேனானில் 24.2 மெகாபிக்சல், நிக்கானில் 20.9. இந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம், இருபதே ஏ3 தாளில் துல்லியமாக அச்சடிக்கப் போதும். இரண்டுக்கும் வியூஃபைண்டர் ஒரே தரம், இரண்டிலும் திரை பக்கவாட்டில் திறந்து திரும்பும். கேமராவுக்குள் நடுக்கம் குறைக்கும் வசதி இரண்டிலும் இல்லை.

ஆர்50-இன் பெரிய பலம் ஃபோகஸ். கூட்டத்தில் காவடிக்காரர் திரும்பினாலும், குறுக்கே ஒருவர் போனாலும், பிடித்த முகத்தை விடுவதில்லை. இசட் எஃப்சி-யும் கண்ணைத் தேடிப் பிடிக்கும், ஆனால் நெரிசலில் கொஞ்சம் தடுமாறுகிறது. பலவீனம் டயல். ஒரே ஒரு டயல்தான். ஷட்டரைத் திருப்பிவிட்டு அபர்ச்சரை மாற்ற வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அதே டயலைத் திரும்பவும் திருப்ப வேண்டும். எஃப்எம்2 பழகிய கைக்கு இது ஒற்றைக்கையால் சப்பாத்தி தேய்ப்பது போல.

கொம்தார் பக்கம் ஒரு கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பரிசை மறைத்து வைத்துக் கொடுப்பது கேமராவுக்குச் சரிப்படாது, செருப்பு மாதிரி, போட்டுப் பார்க்க வேண்டும். இசட் எஃப்சி-யை முதலில் நான்தான் வாங்கிப் பார்த்தேன், கீழே வைக்க மனமில்லை. கடைக்கார சீனர் சிரித்துக்கொண்டே, அங்கிளுக்கா பிள்ளைக்கா என்று மலாயில் கேட்டார். அவள் வாங்கிப் பிடித்தாள். அதற்குப் பிடிமானம் கிடையாது, முன்பக்கம் தட்டை. வியர்த்த விரல்கள் வழுக்கின, இடது கையால் அடியில் முட்டுக்கொடுத்தாள். ஆர்50-ஐக் கையில் எடுத்ததும் நடுவிரல் தானாகப் போய் மடிப்பில் உட்கார்ந்தது, அடுத்த நொடி கடைக்கு வெளியே போன மோட்டார்சைக்கிளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதும் எனக்கு அந்த ஒற்றை டயல் உறுத்திக்கொண்டே இருந்தது. தீர்ந்தது இரண்டாவது லென்ஸில். கேனானின் ஆர்எஃப் 50 மிமீ எஃப்/1.8, 160 கிராம்தான் எடை. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச், அதைத் தள்ளினால் முன்னால் இருக்கும் வளையம் ஃபோகஸுக்குப் பதில் நாம் சொல்கிற வேலையைச் செய்யும். மெனுவில் போய் அதற்கு அபர்ச்சர் என்று கொடுத்துவிட்டேன். இப்போது வலது கை ஷட்டரைத் திருப்புகிறது, இடது கை லென்ஸில் அபர்ச்சரைத் திருப்புகிறது, அப்படியே என் பழைய கேமரா.

இரண்டாவது லென்ஸ் ஏன் அவசியம் என்றேனே, அதற்கு வருகிறேன். ஆர்50-இன் கிட் லென்ஸ் 18-45 மிமீ, முழுக்க இழுத்தால் எஃப்/6.3. நிக்கானின் 16-50 மிமீ லென்ஸும் இழுத்தால் அதே 6.3-தான். எஃப்/1.8 அதைவிடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விடியற்காலை ரதத்துக்கு முன்னால் தேங்காய் சிதறும்போது கிட் லென்ஸில் நூறில் ஒரு வினாடிக்கு மேல் போக முடியாத இடத்தில் இதில் ஆயிரத்துக்கு மேல் போகலாம். எந்தக் கேமரா என்பதைவிட இதுதான் அவளுடைய படத்தை மாற்றப் போகிறது. இசட் எஃப்சி எடுத்திருந்தால் நான் விசாரித்த விலைக்குக் கேமராவும் கிட்டும் மட்டுமே என் பணத்தை விழுங்கியிருக்கும். நிக்கானிலும் 40 மிமீ எஃப்/2 என்று நல்ல லென்ஸ் உண்டு, ஆனால் அடுத்த தீபாவளி வரை அது கடையின் கண்ணாடிக்குள்தான் இருந்திருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும், கேனானின் சின்ன சென்சாரில் 50 மிமீ என்பது பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் 80 மிமீ, காட்சி அவ்வளவு குறுகிவிடும், லெபோ ஆர்மேனியன் சுவரோவியத்தை முழுதாக எடுக்க வேண்டுமானால் எதிர்ச்சுவரில் முதுகு இடிக்கும். அந்த மாதிரி இடத்துக்குக் கிட் லென்ஸ் இருக்கிறது.

யாருக்கு இசட் எஃப்சி? கேமராவை ரசித்து, நிதானமாக ஒன்று இரண்டு படம் எடுக்கிற பேரனோ பேத்தியோ உங்களுக்கு இருந்து, கையில் இன்னும் ஆயிரம் வெள்ளி இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். எனக்கு இன்றைக்கும் அதுதான் அழகு.

வாங்கும்போது உள்நாட்டு வாரண்டி அட்டையைக் கேட்டு வாங்குங்கள், இறக்குமதி செட் சில நூறு வெள்ளி மலிவாகக் கிடைக்கும், பழுதானால் அலைச்சல் உங்களுடையது. பதிவை அவள் பெயரிலேயே செய்தேன். மின்சார ட்ரை கேபினட்டுக்குப் பணம் மிஞ்சவில்லை, ரப்பர் பட்டை வைத்த பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போதும். ஈரமானியின் முள் 40 சதவீதத்துக்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். இந்த வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், என் பழைய 50 மிமீயையும் அதே பெட்டியில்தான் போட்டிருக்கிறேன், ஆனால் ஃபங்கஸ் ஒட்டிவிடாமல் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி.

இரண்டாவது பேட்டரி என் கணக்கில் விட்டுப்போனது. அதற்கு அவளே உண்டியலில் போட்டுக்கொண்டிருக்கிறாள், தைப்பூசத்துக்குள் சேர்ந்துவிடும் என்கிறாள்.