கீழவாசல்ல வாங்குன ஜிகர்தண்டா தல்லாகுளம் வந்து சேர்ந்த கதை

சிங்கப்பூர்லருந்து 2025 மே கடைசில சொந்த ஊரு மதுரைக்கு வந்தேன். கல்யாணம், குலசாமி கும்பிடு எல்லாம் நல்லபடியா முடிஞ்சது, அத விடுங்க. இந்த ஜிகர்தண்டா மேட்டரத்தான் யார்கிட்டயாவது சொல்லணும்.

அம்மா கேட்டாங்கன்னு கீழவாசல்ல ரெண்டு பார்சல் கட்டிட்டு தல்லாகுளத்துக்கு ஆட்டோ ஏறுனேன். நெல்பேட்டை, ஏவி பாலம், கோரிப்பாளையம்னு காலேஜ் படிக்கிறப்ப சைக்கிள்ல கால் மணி நேரத்துல போற வழி. நான் வந்தப்ப அங்க மேம்பால வேலை, 190 கோடி, 2023 அக்டோபர்ல அடிக்கல் நாட்டுனது. தகரத்த வச்சு மறிச்சுட்டு மிச்சம் விட்ட சந்துல டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, பெரியாஸ்பத்திரிக்குப் போற ஆம்புலன்ஸ்னு எல்லாம் முண்டுது. பாலத்து மேலயே அரை மணி நேரம் நின்னோம், கீழ வைகை ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல, என் மடில ஐஸ்கிரீம் உருகி பேண்ட்டெல்லாம் பிசுபிசுன்னு ஆகிப்போச்சு.

"எப்பண்ணே முடியும்?"னு ஆட்டோக்காரர்ட்ட கேட்டேன்.

"அழகர் ஆத்துல எறங்குறதுக்குத்தேன் தேதி உண்டு தம்பி. தோப்பூரு எய்ம்ஸ பாக்கலியா?"ன்னாரு.

அதுவும் சரிதான். 2015 பட்ஜெட்ல சொன்ன ஆஸ்பத்திரி, 2019 ஜனவரில அடிக்கல், கட்டட வேலை ஆரம்பிச்சதே 2024ல. நடுவுல 2022லயே 50 பிள்ளைகள சேத்து ராமநாதபுரத்துல உக்கார வச்சு மதுரை எய்ம்ஸ்னு பாடம் நடத்துனாங்க.

சிங்கப்பூர்ல மட்டும் தள்ளிப்போகாதான்னா, போகும். நான் இருக்குற மரீன் பரேட்ல 2016ல தோண்ட ஆரம்பிச்சு 2023னு சொன்ன ரயில், கோவிட்டால 2024 ஜூன்லதான் ஓடுச்சு. ஆனா பஸ் ஸ்டாப்ப பத்தடி நகட்டுனாக்கூட முன்னாடியே நோட்டீஸ் ஒட்டிருவான். இங்க போன வாரம் இருந்த திருப்பம் இந்த வாரம் இல்ல, ஆட்டோக்காரரே எறங்கிப் போயி டீக்கடைல வழி கேட்டுட்டு வர்றாரு. ஊர்க்காரன் நானே திருதிருன்னு முழிச்சா வெளியூர்க்காரன் என்ன செய்வான்?

ஒருவழியா சந்து பொந்தெல்லாம் சுத்தி வீட்டுக்கு வந்தப்ப ஒரு மணி நேரம் ஆச்சு. ஐஸும் இல்ல ஐஸ்கிரீமும் இல்ல, வெதுவெதுன்னு பாலு, அடில கடல்பாசி மட்டும் கிடக்கு. அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு "சுடவச்சுத் தந்தாய்ங்களாடா?"ன்னுச்சு.