கழற்றித் துடைப்பதா, காயலான் கடைக்குப் போவதா? பழைய பென்ஸின் கண்ணாடி சுவிட்ச்

இந்தியாவில் உருவான முதல் மெர்சிடிஸ் பென்ஸ் கார், 1995-இல் புனேயில் டாடாவின் டெல்கோ ஆலை வளாகத்திலிருந்து வெளிவந்த டபிள்யூ124 என்ற மாடல். இன்றும் அதை வைத்திருப்பவருக்கு, பக்கத்துக் கண்ணாடி இறங்காமல் கதவையே திறந்து வண்டி நிறுத்தும் சீட்டு வாங்கிய நாள் ஒன்றாவது இருக்கும். கண்ணாடி சுவிட்சுகள் இந்த வண்டியில் முன்கதவில் இல்லை. இரு இருக்கைகளுக்கும் நடுவே, கியர் தண்டை ஒட்டி மேல்நோக்கி உட்கார்ந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகளாக விழுந்த தூசும் சிந்திய தேநீரும் நேராக அங்கேதான் இறங்கியிருக்கும்.

சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை. நடுப்பலகையை மெதுவாகத் தூக்கி, வேலை செய்யாத சுவிட்சின் இணைப்பைப் பக்கத்தில் நன்றாக இருக்கும் சுவிட்சில் செருகிப் பாருங்கள். கண்ணாடி ஓடினால் குற்றவாளி சுவிட்ச். ஓடாவிட்டால் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறக்க வேண்டும். இந்தக் காலத்து பென்ஸில் இருப்பவை இரு முனையும் கூம்பிய பழைய வகை ஃபியூஸ்கள். எரியாமலே முனையில் பூத்துப்போய் மின்சாரத்தை மறிக்கும். விரலால் உருட்டிவிட்டாலே சில நேரம் உயிர் வரும்.

குற்றவாளி சுவிட்ச்தான் என்று உறுதியானால் முன்னே நான்கு வழிகள். என் வாக்கு முதல் வழிக்கு: திறந்து துடைப்பது. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இந்தச் சின்னப் பெட்டியின் வழியாகவே போகிறது. கண்ணாடி ஓடும்போது ஐந்து முதல் எட்டு ஆம்பியர்; மேலே முட்டி நின்ற பிறகும் விரலை எடுக்காவிட்டால் அது பதினைந்தையும் தாண்டலாம். விரலை எடுக்கும் கணத்தில் உள்ளே ஒரு பொறி தெறிக்கிறது. ஆயிரக்கணக்கான பொறிகளின் கரிதான் நாம் ‘சுவிட்ச் போய்விட்டது’ என்று சொல்லும் நோய். பக்கவாட்டுக் கொக்கிகளை மெல்லிய திருப்புளியால் நெம்பினால் பெட்டி திறக்கும். இதை ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் செய்யுங்கள். உள்ளேயிருக்கும் சின்ன ஸ்பிரிங் பறந்துபோனால் அன்றைய பொழுது முழுவதும் அதைத் தேடுவதிலேயே போகும். கெட்டியாகிப்போன பழைய கிரீஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து எடுத்துவிட்டு, தொடுமுனைகளை பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போதும். உப்புத்தாளைக் கொண்டு அழுத்தித் தேய்ப்பவர்கள் மேற்பூச்சையும் சேர்த்து உரித்துவிடுகிறார்கள். அப்படித் தேய்த்த சுவிட்ச் அதிக நாள் தாங்காது. மூடிய பின், கண்ணாடி ஏறும்போது சுவிட்சின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் வேலை முடிந்தது.

துடைத்துத் தேறாத சுவிட்சும் உண்டு. சூட்டில் பிளாஸ்டிக் இளகி முனை சாய்ந்திருந்தாலோ, பித்தளைத் தகடு விறைப்பை இழந்திருந்தாலோ அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்போது பலரும் போகுமிடம் காயலான் கடை. சென்னை என்றால் புதுப்பேட்டை. இங்கே கிடைப்பது அசல் பொருள். பூட்டினால் நிறமும் விளிம்பும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அதற்கும் உங்கள் வண்டியின் வயதுதான். அதைக் கழற்றித் துடைக்காமல் பூட்டுவது, ஒரு நோயாளியை அனுப்பிவிட்டு இன்னொரு நோயாளியை அழைத்து வருவது போல. பின்கதவு சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள், அது குறைவாக உழைத்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். வெளிநாட்டு வண்டிக்கு அது சரி. நம் ஊரில் ஓட்டுநர் வைத்து ஓட்டிய பென்ஸில் முதலாளி பின்னிருக்கையின் இடப்பக்கம் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கியே வந்திருப்பார். அந்தச் சுவிட்ச் வேண்டாம். பாகத்தின் எண்ணையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நிறுவனத்தின் புதிய அசல். விலை கூடுதல், சில நேரம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். பழைய வண்டிகளுக்கென்றே மெர்சிடிஸ் ஜெர்மனியின் ஃபெல்பாக்கில் ஒரு மையம் நடத்துவதால் இந்தக் கதவு முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்ச் உருகிப்போயிருந்தால் யோசிக்காமல் இதற்குச் செலவழிப்பேன். நான்கையும் ஒரேயடியாக மாற்றுவது வீண்.

நான்காவது, நகல். பெட்டி பார்க்க அழகாக இருக்கும். உள்ளே தகடு மெல்லியது, அழுத்தும்போது வரும் ‘டக்’ ஒலியும் வேறு. பக்கத்திலிருக்கும் மூன்று அசல்களோடு அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். மழைக்காலத்தில் அவசரத்துக்கு ஒப்பேற்றலாம். அதற்குமேல் அதை நம்ப மாட்டேன்.

எதைப் பூட்டினாலும் அந்தப் பொறி தெறித்துக்கொண்டேதான் இருக்கும். அதைச் சுவிட்சிலிருந்து விலக்க ரிலே உண்டு: சுவிட்ச் அனுப்பும் சிறு மின்சாரத்தில் இயங்கி, மோட்டாரின் பெரிய மின்சாரத்தைத் தானே சுமக்கும் சின்னப் பெட்டி. ஒரு கண்ணாடிக்கு ஐந்து முனை ரிலே இரண்டு வேண்டும், ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. இரண்டிலும் 30-ஆம் முனை மோட்டாருக்கு, 87 ஃபியூஸ் வழி வரும் மின்சாரத்துக்கு, 87ஏ எர்த்துக்கு. சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரு கம்பிகளும் எர்த்தில் இருக்கும். சுவிட்சை அழுத்தினால் ஒன்று மட்டும் மாறும். இதன் பிறகு சுவிட்ச் சுமப்பது ரிலே சுருளின் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தைத்தான். அசல் வயரிங்கில் கை வைக்கக் கூடாது என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. கம்பியை வெட்டாமல், இடையில் இணைப்பான் வைத்துச் செய்தால் எந்நாளும் கழற்றிவிடலாம். அப்படிச் செய்ய மாட்டேன் என்கிற எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மோட்டார் இவ்வளவு மின்சாரத்தை இழுப்பதற்குப் பாதிக் காரணம் கண்ணாடி ஓடும் ரப்பர் தடம். காய்ந்து இறுகிய தடத்தில் கண்ணாடி முனகிக்கொண்டு ஏறுகிறது. தடத்தைத் துடைத்து சிலிக்கோன் தெளித்துவிட்டால் அதன் வேகம் கூடுவது கண்ணுக்கே தெரியும். நான் எப்போதும் இதைத்தான் முதலில் செய்வேன். பிறகு நான்கு சுவிட்சுகளையும் துடைப்பேன். ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் ரிலே.