சிமிலாரிட்டி குறைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால்

பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்துகொண்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கட்டத்தில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் அந்த விளம்பரம் வந்திருக்கும்: தீசிஸ் கரெக்‌ஷன், சிமிலாரிட்டி ரிடக்‌ஷன், ஸ்கோபஸ் பப்ளிகேஷன், எல்லாம் ஒரே இடத்தில். சிமிலாரிட்டி என்றால், நாம் எழுதியது ஏற்கெனவே வந்த எழுத்துகளோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்ற கணக்கு. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் சர்வதேசப் பட்டியல். பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 29,250 ரூபாய். ஏழு மாதம் தனிக்கணக்கு.

விருதுநகர் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். சுய உதவிக் குழுப் பெண்கள் வங்கிக் கடனை எதற்கெல்லாம் செலவழிக்கிறார்கள் என்பது என் ஆய்வு. இரண்டு வருஷம், சனி ஞாயிறெல்லாம் ஊர் ஊராகப் போய் 380 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கினேன். 230 பக்கமும் ஆங்கிலத்தில் நானே தட்டச்சு செய்தது. 'யாரையோ எழுத வைத்து மாட்டிக்கொண்டாள்' என்று நினைப்பவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். எழுத வைக்கவில்லை. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, அங்கேதான் சறுக்கினேன்.

மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த சென்டர். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஸ்பைரல் பைண்டிங் மெஷின். சுவர் முழுக்க வைவா என்ற வாய்மொழித் தேர்வை முடித்துப் பொன்னாடையோடு நிற்கும் ஸ்காலர்களின் படங்கள். அதைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"முதல்ல ஃப்ரீயா செக் பண்ணிப் பார்த்துடலாம் மேடம்" என்று பென்டிரைவை வாங்கினார் அங்கிருந்தவர். கால் மணி நேரத்தில் கலர் பிரின்ட் வந்தது. 46 சதவீதம். பக்கமெல்லாம் சிவப்பு.

"நாற்பதைத் தாண்டினா ஒரு வருஷம் சப்மிட் பண்ண விடமாட்டாங்க மேடம். யூஜிசி ரூல்."

அவர் சொன்னது பொய் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. 10-லிருந்து 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அதே விதிமுறையில் இன்னொரு பகுதியும் உண்டு, அதை அவர் சொல்லவில்லை. மேற்கோள் குறிக்குள் ஆதாரத்தோடு கொடுத்த வரிகள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டப் பெயர்கள், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்கள், இவையெல்லாம் கணக்கில் வராது. என் நூற்பட்டியல் மட்டும் 19 பக்கம். அதையும் சேர்த்துத்தான் அந்த 46 வந்தது. எனக்கு அப்போது இது தெரியாது. விதிமுறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு மட்டும் 'மூலத்தைப் படிங்க' என்று வகுப்பில் சொல்வேன்!

பக்கத்துக்கு 75 ரூபாய், மொத்தம் 17,250. ஜிபேயில் அனுப்பினேன். சென்டர் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு. ரசீது கேட்டதற்கு, ஒரு துண்டுச் சீட்டில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பத்தே நாளில் கோப்பு திரும்பி வந்தது, 6 சதவீதம் என்ற ரிப்போர்ட்டோடு. முதல் நான்கைந்து பக்கத்தைப் படித்தேன், சரியாகத்தான் இருந்தது. என் ஆய்வு வழிகாட்டியான கைடிடம் எட்டு ஸ்காலர்கள். அவர் அட்டவணைகளையும் முடிவுரையையும் மட்டும் பார்த்துத் திருத்தம் போட்டார். அந்தத் திருத்தங்களையெல்லாம் மூன்று வாரம் உட்கார்ந்து, சென்டர் கொடுத்த கோப்பிலேயே செய்தேன்.

அப்புறம் பல்கலைக்கழக நூலகத்தில் அதிகாரப்பூர்வச் சோதனை. வந்தது 91 சதவீதம்.

நூலகத்தில் அதைப் பார்க்கிறவர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்னம்மா, நீ வெளிநாட்டுல ஏற்கெனவே சப்மிட் பண்ணிட்டியா?" என்று கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினார். ஒத்துப்போன மூலங்களின் பட்டியலில் முதலிரண்டு இடத்திலும் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், 'ஸ்டூடன்ட் பேப்பர்' என்ற குறிப்பு. பக்கத்தில் இருந்த தேதிகளில் ஒன்று நான் அந்த மாடிப்படி ஏறிய நாள்.

அவர் விளக்கியதும்தான் புரிந்தது. எங்கள் பல்கலைக்கழகம் வைத்திருப்பது டர்னிட்டின் என்ற ஒப்பீட்டு மென்பொருள். அதில் ஒரு கோப்பை ஏற்றும்போது, 'சேமிக்க வேண்டாம்' என்று அமைத்திருந்தால் ஒழிய, அது களஞ்சியத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த முறை யார் சோதித்தாலும் அதோடும் ஒப்பிடும். சென்டர்காரர்கள் எங்கிருந்தோ பிடித்த ஒரு கணக்கில் என் ஆய்வேட்டை இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள். என் எழுத்துக்கு எதிராக என் எழுத்தே சாட்சி சொல்லிவிட்டது. நீக்கச் சொல்லலாமா என்றால், ஏற்றிய கல்வி நிறுவனத்தின் பக்கத்திலிருந்துதான் கேட்க முடியுமாம். நான் யார் என்று சொல்லி அவர்களிடம் போய்க் கேட்பது?

வயிற்றைக் கலக்கியது அடுத்ததுதான். பெரியவர் எங்கோ நடுப்பக்கத்தைத் திறந்து, "இது என்ன பேங்க்?" என்றார்.

நபார்டின் முழுப்பெயர் 'நேஷனல் பேங்க் ஃபார் அக்ரிகல்ச்சர் அண்ட் ரூரல் டெவலப்மென்ட்'. என் ஆய்வேட்டில் அது 'பப்ளிக் பேங்க் ஃபார் ஃபார்மிங் அண்ட் கன்ட்ரி அட்வான்ஸ்மென்ட்' ஆகியிருந்தது. 'செல்ஃப் ஹெல்ப் குரூப்', 'செல்ஃப் அசிஸ்ட் கேதரிங்' ஆகியிருந்தது. 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்', அதாவது திட்ட விலக்கம், 'நார்மல் வாண்டரிங்'. வழக்கமான அலைச்சல்! மூன்றாம் அத்தியாயம் முழுக்க என் 380 பெண்களும் வழக்கமாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

75 ரூபாய்க்கு அவர்கள் செய்த 'திருத்தம்' இதுதான். சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் மென்பொருளில் கொட்டி எடுத்திருக்கிறார்கள். சதவீதம் குறையும், அர்த்தமும் போய்விடும். இந்த மாதிரித் தொடர்களுக்குச் 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்றே பெயர் உண்டு. கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2021-ல் வைத்த பெயர். அச்சான கட்டுரைகளிலேயே செயற்கை நுண்ணறிவு 'கள்ளப் பிரக்ஞை' என்று வந்திருப்பதை அவர்கள் பிடித்தார்கள். இப்படி ஒரு தொடர் கண்ணில் பட்டால் கட்டுரையையே சந்தேகப்படுகிறார்கள். வைவாவுக்கு வரும் எக்ஸாமினர் ஒருவர் இதைப் படித்திருந்தால் என் கதி என்ன?

பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீசிஸோடு சேர்த்து 12,000 ரூபாய்க்கு ஸ்கோபஸ் ஜர்னலில் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். 'யூஜிசி கேர் லிஸ்ட்லயும் இருக்கு மேடம்' என்றார்கள். நல்ல ஆய்விதழ்கள் என்று வைத்திருந்த அந்தக் கேர் பட்டியலையே யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டது, இவர்கள் பேசியது அதற்கும் பின்னால். ஜர்னலின் பெயர் ஸ்கோபஸ் பட்டியலில் இருந்தது உண்மை. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் சரி. என் கட்டுரை வந்த இணையதளம்தான் அந்த ஜர்னலுடையது இல்லை, பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித்தளம். கட்டுரைக்குரிய இணைய அடையாள எண்ணான டிஓஐயைத் தட்டினால் எங்கும் போகவில்லை. ஸ்கோபஸில் ஜர்னல் பெயரைத் தேடினால் மட்டும் போதாது. உங்களுக்கு வந்த லிங்க்கை மறந்துவிட்டு, பதிப்பகத்தின் தளத்துக்கு நேராகப் போய் அங்கிருந்து ஜர்னலைப் பிடியுங்கள். பிஎச்.டி.க்குப் பேப்பர் கட்டாயம் என்பதை யூஜிசி 2022 விதிமுறையிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்பதை ஆய்வுப் பிரிவில் கேளுங்கள், சென்டரில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். அதே ஆள், அதே சிரிப்பு. "கம்ப்ளெய்ன்ட் பண்ணுங்க மேடம். நாங்களும் யூனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் போடுறோம், தீசிஸ் நாங்க எழுதிக் குடுத்ததுன்னு." பென்டிரைவில் நான் கொடுத்த முழு வரைவும், என் ஜிபே பதிவும் அவர் கையில் இருந்தன. பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். இந்தப் பயம்தான் அவர்கள் முதலீடு. சுவரில் பொன்னாடையோடு நின்றவர்களில் எத்தனை பேர் இப்படி இறங்கிப் போனார்களோ.

கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினார். பிறகு அவரே நூலகத்துக்குக் கடிதம் கொடுத்தார். கேள்வித்தாள் கட்டுகளையும், என் பழைய மடிக்கணினியில் இருந்த தேதி வாரியான வரைவுகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த இரண்டு மூலங்களையும் விலக்கி, நூற்பட்டியலையும் மேற்கோள்களையும் நீக்கி, நான் முதலில் எழுதிய கோப்பைச் சோதித்தார் பெரியவர். 8 சதவீதம். யாரிடமும் போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கே சான்றிதழ் வாங்கியிருப்பேன்.

கைடு மூலம் கேட்டால் வரைவையே சோதித்துத் தரும் நூலகங்கள் இருக்கின்றன. கேட்கும்போது 'சேமிக்க வேண்டாம் என்று போடுங்கள்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் பார்க்க ஆள் வேண்டுமென்றால், உங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் ஒருவரைப் பிடித்து, திருத்தங்களை பேனாவால் தாளிலேயே போடச் சொல்லுங்கள். என்ன மாற்றினார்கள் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதே மாடிப்படியில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தனியாகப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, நான்கைந்து பேர் சேர்ந்தால் வரும்.

இப்போது கைடின் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பழைய கோப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி ஐந்தாம் அத்தியாயம். ஓர் அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டுப் பார்த்தால், அடிக்குறிப்பில் இன்னும் அந்த 'கன்ட்ரி அட்வான்ஸ்மென்ட்' பேங்க்.