தர்மபுரியில் வாங்கிய அயனி அட்டைப் பெட்டி

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் இந்த அயனி அட்டைப் பெட்டியை 180 ரூபாய்க்கு வாங்கினேன். எலக்ட்ரானை இழந்த அல்லது வாங்கிய அணுவோ அணுக்கூட்டமோதான் அயனி. ஒன்பதாவது படிக்கிற என் மகனுக்கு வேதிப்பிணைப்புப் பாடத்தில் சேர்மங்களின் வாய்பாடு எழுத வரவே இல்லை. இணைதிறனை, அதாவது எத்தனை எலக்ட்ரானை இழக்கும் அல்லது வாங்கும் என்ற எண்ணை, ராத்திரி மனப்பாடம் செய்வான், காலையில் மறந்திருப்பான்.

பெட்டியில் தடித்த அட்டைத் துண்டுகள். நேர்மின் அயனி எத்தனை எலக்ட்ரானை இழந்ததோ அத்தனை மூக்கு. எதிர்மின் அயனி எத்தனை வாங்கியதோ அத்தனை பள்ளம். சோடியத்தின் ஒரு மூக்கு குளோரைடின் ஒரு பள்ளத்தில் சிக்கென்று உட்காருகிறது. அலுமினியத்துக்கு மூன்று மூக்கு, ஆக்சைடுக்கு இரண்டு பள்ளம். ஒன்றுக்கு ஒன்று வைத்தால் ஒரு மூக்கு மிச்சம். இன்னொரு ஆக்சைடு வைத்தால் ஒரு பள்ளம் மிச்சம். தரையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சைடு என்று அவனே கண்டுபிடித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் கால்சியத்தோடு இரண்டு ஃபுளூரைடைச் சேர்த்தவன், "ஏம்மா, உன் பல்லுல கறை வந்தது இந்த ஃபுளூரைடாலதானா?" என்றான். ஆமாம். பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். பாறையிலிருந்து நீரில் கரைந்து வந்த ஃபுளூரைடு, பல் முளைக்கும் முன்பே அதன் எனாமலைக் கெடுத்துவிட்டது. அது ஃபுளூரின் வாயு இல்லை, ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட அயனி என்று சொன்னேன். அவன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், அதாவது காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். பல் பளிச்சென்று இருக்கிறது.

குறையும் உண்டு. கார்பனேட் துண்டில் ஒரே பள்ளம். இரண்டு இருக்க வேண்டும். அப்படியே விட்டால் சலவை சோடாவுக்கு (சோடியம் கார்பனேட்) இரண்டு சோடியம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும். பிள்ளைகள் தப்பாகவே படித்துவிடுவார்கள். கடையில் கேட்டால் எல்லாப் பெட்டியும் இப்படித்தான் வருகிறது என்றார்கள். பிளேடால் நானே வெட்டிச் சரிசெய்தேன். தமிழ்ப் பெயரும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்தேன்.

இன்னொன்று. மூக்கும் பள்ளமும் பொருந்தியதும், உப்பு ஜோடி ஜோடியாகக் கிடக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். சோடியத்தைச் சுற்றி நாலு குளோரைடு, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஆறையும் வைத்துக் காட்டுங்கள். கல்லுப்புக்குள் அடுக்கு அப்படித்தான். பெட்டியில் குளோரைடு நான்குதான் இருக்கிறது. மீதி இரண்டைப் பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிக்கொண்டோம்.