கம்பத்துக்குப் பஸ்ஸா, போனிலேயே பாடமா?

பத்தாவது படிக்கும் என் மகள் போன மழைக்காலத்தில் முதலில் பேச்சைக் குறைத்தாள், அப்புறம் சாப்பாட்டை. லேசான மனச்சோர்வு, மாத்திரை வேண்டாம், தெரபி (பேச்சு, பயிற்சி வழியான சிகிச்சை) போதும் என்றார் டாக்டர். அந்தத் தெரபிக்கு இருந்த மூன்று வழிகளையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் போவதென்றால் கேரளத்தில் நாங்கள் இருக்கும் வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி, அங்கிருந்து மலை இறங்கித் தமிழ்நாட்டுக் கம்பம். எனக்கு ஒரு நாள் கூலி, அவளுக்கு ஒரு நாள் பள்ளி போகும். பக்கத்திலேயே மலையாளத்தில் பேசும் தெரபிஸ்ட் ஒருவர் இருந்தார், பொறுமையானவர். ஆனால் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலையாளத்தில் பிள்ளையால் மனசைச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது, தனியாகவே செய்துகொள்ளும் ஆப். இதை வீண் என்று சொல்ல மாட்டேன். நியூசிலாந்தில் 'ஸ்பார்க்ஸ்' என்று கம்ப்யூட்டர் விளையாட்டாகவே செய்து 187 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வழக்கமான கவுன்சிலிங்குக்கு அது குறையவில்லை என்று 2012-ல் முடிவு வந்தது. என் மகளோ மூன்றாம் நாளுக்குப் பிறகு ஆப்பைத் திறக்கவே இல்லை. எதிலும் மனசு போகாததுதானே அவள் நோய்?

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது, தெரபி வாராவாரம் பாடமாகப் போனிலும் அதற்குப் பின்னால் ஒரு தெரபிஸ்ட்டும் இருக்கும் முறை. ஸ்வீடனில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 10 வாரப் பாடமாகச் சோதித்த வகை இது. மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றைச் செய், மனசு பின்னால் வரும் என்பதுதான் அடிப்படை. என்ன செய்தாள், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று தினமும் குறிக்க வேண்டும். அவள் நோட்டில் ஒரு நாள்: 'மத்தியானம் படுத்திருந்தேன் – 2. அம்மாவோடு தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம்வரை நடந்தேன் – 5.' அந்த ஐந்தைப் பார்த்துவிட்டு மறுநாளும் என்னோடு வந்தாள்.

நாலாவது வாரம் எல்லாம் நின்றது. ஆப்பாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். தெரபிஸ்ட் இரண்டே வரி தமிழில் எழுதினார்: 'இந்த வாரம் கஷ்டமாக இருந்ததா? ஒரு நாளை மட்டும் எழுதி அனுப்பு, போதும்.' நாங்கள் இருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறிப் போய் அவளே பதில் அனுப்பினாள். ஒற்றை அறை வீட்டில் பாட்டி காதில் விழாமல் வீடியோவில் பேச முடியாது, எழுதுவதற்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால் பணம் கட்டுமுன் நான் கேட்கச் சொல்வது ஒன்றைத்தான்: பிள்ளை எழுதினால் யார் பதில் போடுவார், எத்தனை நாளில்?

பாடம் முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது, அடுத்த மழைக்காலத்தை இன்னும் பார்க்கவில்லை. லேசான சோர்வுக்கு மட்டும்தான் என் அனுபவம். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2019-ல் லேசான நிலைக்குத்தான் டிஜிட்டல் முறையை முதல் வழிகளில் ஒன்றாக வைத்தது. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையைப் போன் பாடத்தில் விட்டுவைக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியானால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ், எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.