எண்ணெயா, கப்பல் சாயமா: கடலுயிர்களின் மரபணுவுக்கு எது பெரிய கேடு?

2024 ஜூன் 14 அன்று சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் சுமார் 400 டன் எண்ணெய் கொட்டி, செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகள் கறுத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசிய டிரைபியூட்டைல் டின் சாயமோ, யார் கண்ணிலும் படாமல் கரைந்தது.

எண்ணெய் டிஎன்ஏவையே தாக்குகிறது. அதிலுள்ள பென்சோபைரீன் போன்ற நச்சுகளை வெளியேற்ற மீனின் ஈரல் முயலும்போது, அவை இன்னும் வீரியமான பொருளாகி டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும்போது பிசகு வருகிறது. ஆனால் அதைப் பழுதுபார்க்கச் செல்லுக்கு ஓரளவு வழி உண்டு.

சாயத்தின் வேலை வேறு. மரபணுக்களை இயக்கும் ஆர்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியில் (செல்லுக்குள் சமிக்ஞையை வாங்கும் புரதத்தில்) அமர்ந்து, இயங்கக்கூடாத மரபணுக்களை அது முடுக்கிவிடுகிறது. பெண் கடல்நத்தைக்கு ஆணுறுப்பு முளைக்கிறது. சில இனங்களில் முட்டை வரும் வழியே அடைபட்டு நத்தை செத்துப்போகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். நம் ஜொகூர் நீரிணை நத்தைகளிலும் இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது.

எனக்கு அதிகப் பயம் சாயத்தின் மேல்தான். 2008 முதல் உலகளாவிய தடை இருக்கிறது, சரி. ஆனால் துறைமுகச் சேற்றில் அது பல ஆண்டுகள் தங்கும், தூர்வாரினால் மறுபடி கிளம்பும்.